பெட்டிக்கு வெளியே ராணித் தேனீ

இளம் பருவத்தில் ஆண் தேனீக்களை நாடி ஆகாயத்தில் பறக்கும் சில பொழுதுகளும், கூட்டம் பிரியும்போது பரிவாரத்தோடு புறப்பட்டுச் செல்லும் பொழுதும் நீங்கலாக, தன் ஆயுள் முழுவதையும் அடைகளின் இருளிலேயே கழிக்கும்படி அமைந்த ஜீவன் ராணித் தேனீ. ஆயினும் தேனீ வளர்ப்பவர்கள் அதைச் சில மணி நேரமோ சில நாட்களோ கூட்டுக்கு வெளியே வைத்துக் காப்பாற்ற வேண்டிய சந்தர்ப்பங்கள் பல உண்டு. மரப்பொந்திலோ பழைய சுவரின் இடுக்கிலோ குடியிருக்கும் ஒரு கூட்டத்தைப் பெட்டிக்கு மாற்றுகிறவர், அடைகளை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்துச் சட்டங்களில் பொருத்தி வாழை நாரால் கட்டி முடிக்கும் வரையில், அந்தக் களேபரத்தில் ராணி நசுங்கிப் போகாதபடி அதைத் தனியே அடைத்து வைக்க வேண்டியிருக்கிறது. முதுமையால் முட்டையிடும் சக்தி குன்றிய ராணிக்குப் பதிலாக இளைய ராணியை வெளியூரிலிருந்து தருவிக்கிறவருக்கு, அது வந்து சேர்ந்த அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டு, பெட்டியைத் திறக்க முடியாமல் போய்விடுகிறது.

அத்தகைய வேளையில் அனுபவம் இல்லாதவர், ஒரு டப்பாவில் ராணியை விட்டு, பக்கத்தில் ஒரு சொட்டுத் தேனையும் வைத்து, காற்றுக்கு நாலு துளையும் போட்டுவிட்டால் போதும் என்று எண்ணிக்கொள்கிறார். இரண்டொரு நாளில் திறந்து பார்த்தால் ராணி இறந்து கிடக்கிறது. தேன் அப்படியே இருக்க, காற்றும் இருக்க, அது ஏன் மாண்டது என்ற கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், ராணித் தேனீ என்று நாம் சுட்டிக்காட்டுவது தனித்து வாழ வல்ல ஒரு பிராணியே அன்று, அதன் உயிரில் பெரும் பகுதி அதன் உடம்புக்கு வெளியே, பணித் தேனீக்களின் சுரப்பிகளிலும் அவை உண்டாக்கும் உஷ்ணத்திலும் அடங்கியிருக்கிறது என்ற உண்மை புலப்படும்.

முட்டையிடும் ராணியின் ஆகாரத்தையே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய இனத்தைச் சேர்ந்த நல்ல ராணி, மலர்கள் மிகுந்த காலத்தில் நாளொன்றுக்கு 1,500 முதல் 2,000 முட்டைகள் வரை இடும். அவ்வளவு முட்டைகளையும் சேர்த்து நிறுத்தால் ராணியின் சொந்த எடைக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருக்கும். இப்படித் தினந்தோறும் தன் எடையளவு சந்ததியைப் பெறும் ஒரு பிராணி, பூவுக்குச் சென்று தேன் குடிப்பதும் இல்லை, மகரந்தத்தைத் தின்று செரிப்பதும் இல்லை. மகரந்தத்தைத் தின்று செரித்து, தலையிலுள்ள சுரப்பிகளால் அதைப் புரதம் நிறைந்த கூழாக மாற்றி, ராணியின் வாயில் ஊட்டுபவை இளம் பருவத்துச் செவிலித் தேனீக்கள். பரிவாரம் இல்லாத ராணி தன் நாக்கை நீட்டித் தேனையோ சர்க்கரையையோ நக்கிக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது வெறும் சர்க்கரை மட்டுமே. ஊட்டுவாரும், நக்கிச் சுத்தம் செய்வாரும், கதகதப்புத் தருவாரும் இல்லாத ராணி இரண்டொரு நாளுக்குள் சோர்ந்துவிடுகிறது.

இந்தப் பந்தம் ஊட்டுதலோடு முடிவதில்லை என்பதை முதலில் கண்டறிந்தவர் ஜெனீவா நகரத்தில் வாழ்ந்த பிரான்ஸுவா ஹூபர். 1750-இல் பிறந்த அவர் இளமையிலேயே கண்பார்வையை இழந்தவர்; தம் உதவியாளர் பர்னன்ஸின் கண்களைக் கொண்டும், பின்னாளில் தம் குடும்பத்தாரின் கண்களைக் கொண்டும் தேனீக்களின் வாழ்க்கையை அவர் ஆராய்ந்த வரலாறு, சாஸ்திர உலகத்தில் மனத்தை உருக்கும் வரலாறுகளில் ஒன்று. ஒரு கூட்டை வலைத் தடுப்பால் இரண்டாகப் பிரித்து, ராணியை ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கவிட்டார் அவர். மறுபக்கத்துத் தேனீக்கள் வலைக் கண்களின் வழியே தம் உணர்கொம்புகளை நீட்டி ராணியின் உணர்கொம்புகளைத் தொட முடிந்தவரையில் அமைதியாக இருந்தன. ராணியைப் பறிகொடுத்ததாகவே அவை கருதவில்லை. ஒரு வலைக்குப் பதிலாக, உணர்கொம்பு எட்டாதபடி இடைவெளி விட்டு இரட்டை வலை அமைத்ததும், அதே தேனீக்கள் கலவரமடைந்து புதிய ராணியை வளர்ப்பதற்கான அறைகளைக் கட்டத் தொடங்கிவிட்டன. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1950-களில், இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் காலின் பட்லர் என்ற விஞ்ஞானி இதன் காரணத்தை விளக்கினார். ராணியின் தாடைச் சுரப்பிகளிலிருந்து ஒரு பொருள் சுரக்கிறது. ராணியை நக்கும் தேனீக்கள் அதைப் பெற்று மற்றத் தேனீக்களுக்கு வழங்க, அது கூட்டம் முழுவதும் பரவுகிறது. அந்த வரத்து நின்றுபோனால் சில மணி நேரத்துக்குள் கூட்டம் தன் நிலையை உணர்ந்துகொள்கிறது.

ஆகவே ராணியைக் காப்பாற்ற விரும்புகிறவருக்கு என் அபிப்பிராயத்தில் முதல் விதி இதுதான்: கூடியவரையில் அதைக் கூட்டுக்கு வெளியே கொண்டுபோகாதிருங்கள். ராணியை வலைக்கூண்டில் அடைத்து, அதன் சொந்தக் கூட்டத்துக்குள்ளேயே புழு அறையின் இரண்டு சட்டங்களுக்கு நடுவில் தொங்கவிட்டால், தேனீக்கள் வலைக் கண்களின் வழியே அதற்கு ஊட்டும். உஷ்ணத்தையும் ஈரத்தையும் அவையே பார்த்துக்கொள்ளும். வலை, தேனீயின் நாக்கும் உணர்கொம்பும் நுழையக்கூடியதாகவும், தேனீயே நுழைய முடியாததாகவும், அதாவது அங்குலத்துக்கு 8 கண் உள்ளதாக இருந்தால் சரி. விற்பனைக்கென்று ராணிகளை வளர்க்கிறவர்கள் இந்தத் தத்துவத்தையே விரிவாக்கி, ராணியை அகற்றிவிட்ட ஒரு பலமான கூட்டத்தில், தனித்தனிக் கூண்டுகளில் அடைத்த பல ராணிகளை வரிசையாக வைத்துச் சில வாரங்கள் வரை பாதுகாக்கிறார்கள். ஒன்றையொன்று கண்டால் கொன்றுவிடும் சுபாவம் உடைய ராணிகள், வலைகள் இடையில் இருக்க, ஒரே செவிலியர் கூட்டத்தின் உபசாரத்தில் வாழ்கின்றன.

வெளியே வைத்தே தீரவேண்டும் என்ற நிலை வந்தால் என்ன செய்வது? இதற்கு வழி தேடியவர்கள் பெரும்பாலும் தூரதேசத்து ராணிகளை விரும்பியவர்கள்தாம். 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தாலிய இனத்து ராணிகளுக்கு அமெரிக்காவில் பெரிய மோகம் பிறந்தது. அவற்றைக் கப்பலில் கொண்டுவருவதற்குள் வழியிலேயே மாண்டவை ஏராளம். 1880-இல், மிச்சிகன் மாகாணத்தைச் சேர்ந்த ஃபிராங்க் பெண்டன் என்பவர், கனடா நாட்டுத் தேனீ வளர்ப்பாளர் ஜோன்ஸ் என்பவருடன் சைப்ரஸ் தீவுக்குச் சென்று, அங்கிருந்து ராணிகளை அனுப்பும் தொழிலில் இறங்கினார். நம் மலைத் தேனீயையும் கைவசப்படுத்த ஆசைப்பட்டு அவர் இலங்கைக் காடுகள் வரையில் பிரயாணம் செய்தார். அந்த முயற்சி கைகூடவில்லை. ஆனால் ராணிகளை அஞ்சலில் அனுப்புவதற்கென்று அவர் வகுத்த கூண்டு, அவர் பெயரையே தாங்கி இன்றுவரை உலகமெங்கும் வழங்கிவருகிறது.

பெண்டன் கூண்டைப் பார்த்தால், இவ்வளவுதானா என்று தோன்றும். கைக்கு அடக்கமான ஒரு மரத்துண்டில் மூன்று வட்டக் குழிகள் குடைந்து, அவை ஒன்றுக்கொன்று வழிவிடும்படி இணைத்து, மேலே வலை அடித்திருக்கும். ஒரு கோடியிலுள்ள குழியில் ஆகாரம். மற்ற இரண்டில் ராணியும் அதன் தோழியரும். இரு முனைகளிலும் ஒரு சிறு துவாரமும் அதற்குத் தக்கையும் உண்டு. ஆகாரக் குழியின் உட்புறத்தில் மெழுகு பூசியிருப்பார்கள். பூசாவிட்டால் மரம் ஈரத்தை உறிஞ்சி ஆகாரத்தைக் கல்லாக்கிவிடும். இத்தனை எளிய பொருளில், கூட்டின் சாரமான அம்சங்கள் எல்லாம் சுருங்கி வந்து அமர்ந்திருக்கின்றன: ஊட்டும் தோழியர் இருக்கிறார்கள், ஊட்டுவதற்கு ஆகாரம் இருக்கிறது, காற்றோட்டம் மிகுந்த குழியும், அடைப்பான குழியும் இருப்பதால் வெப்பத்துக்கும் குளிருக்கும் தக்கபடி இடம் மாறவும் முடிகிறது.

ஆகாரம் என்றால் தேன் அன்று. திரவமாக உள்ள தேன் ஒழுகித் தேனீக்களின் உடம்பில் ஒட்டினால், அவை சுவாசத் துவாரங்கள் அடைபட்டு மடியும். சர்க்கரைப் பொடியைத் தேனோடு பிசைந்து செய்யும் உருண்டையே உகந்தது. தேனீ வளர்ப்போர் இதைக் கேண்டி என்பார்கள். அன்றைய ஜெர்மானிய நாட்டின் சைலீசியப் பகுதியில் ஷோல்ஸ் என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இதைச் செய்திருக்கிறார். பின்னால் அமெரிக்காவில் குட் என்பவரின் பெயரால் இது பிரசித்தி பெற்றது. மிக நுண்ணிய சர்க்கரைப் பொடியில் லேசாகச் சூடாக்கிய தேனைச் சிறிது சிறிதாக விட்டு, சப்பாத்தி மாவைப் பிசைவது போலப் பிசைந்து, கையில் ஒட்டாத கெட்டிப் பதம் வந்ததும் ஒரு நாள் மூடிவைத்துப் பார்க்க வேண்டும். மறுநாள் அது தளர்ந்து பரவியிருந்தால் இன்னும் கொஞ்சம் பொடி சேர்க்க வேண்டும். கடைகளில் கேக் அலங்காரத்துக்கென்று விற்கும் பொடியில் சோளமாவு கலந்திருக்கலாம். மாவைச் செரிக்க முடியாமல் தேனீக்கள் வயிற்றுப்போக்கு கண்டு வருந்தும். ஆகையால் சுத்தமான சர்க்கரையை வீட்டிலேயே பொடித்துச் சலித்துக்கொள்வது உத்தமம். தேனும், எங்கிருந்து வந்தது என்று தெரியாத தேனாக இருக்கலாகாது. தேனீப் புழுக்களைக் கொல்லும் பாக்டீரியா நோயின் வித்துகள் தேனின் வழியே ஒரு கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் பரவக்கூடியவை. நம் வீட்டு ஆரோக்கியமான பெட்டியின் தேனே வேண்டும்.

தோழியர் விஷயத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். கூட்டின் வாயிலில் அகப்பட்ட தேனீக்களைப் பிடித்து ராணியோடு அடைப்பது வீண் காரியம். வாயிலில் திரிபவை வயது முதிர்ந்த, இரை தேடும் தேனீக்கள். அவற்றின் ஊட்டும் சுரப்பிகள் வற்றியிருக்கும், ஆயுளும் அதிகம் எஞ்சியிராது. புழுக்கள் உள்ள அடையின் மேல், உடம்பில் மெல்லிய ரோமம் உதிராமல் வெளிறிய நிறத்தோடு நடமாடுபவையே செவிலிப் பருவத்தவை. அவற்றுள் அறைக்குள் தலையை விட்டுத் தேன் அருந்திக்கொண்டிருப்பதைப் பார்த்து, இரண்டு சிறகுகளையும் சேர்த்துப் பிடித்து எடுத்தால், வயிறு நிறைந்த தோழி கிடைக்கும். கொட்டுவதற்கும் அதற்குத் தோது இராது. ஐந்து முதல் எட்டு வரை இருந்தால் போதும். அமெரிக்க அஞ்சல் துறை, விமானத்தில் செல்லும் ஒவ்வொரு ராணியோடும் எட்டுத் தோழியர் வரை அனுமதிக்கிறது. ராணியைக் கையாளும்போது சிறகையோ மார்பையோ மட்டும் பற்ற வேண்டும். வயிற்றைத் தொட்டு அழுத்திவிட்டால் அதன் சந்ததியே பாழாகும். கை நழுவிப் பறந்துவிட்டால் துரத்தக் கூடாது. பெட்டியைத் திறந்தபடியே விட்டு, நின்ற இடத்திலேயே அசையாமல் நின்றால், பெரும்பாலும் அது சுற்றி வந்து அங்கேயே இறங்கும்.

இனி உஷ்ணம். என் மனத்துக்கு இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானதாகப் படுகிறது. ஏனெனில் பட்டினியால் வரும் கேடு கண்ணுக்குத் தெரிகிறது, உஷ்ணத்தால் வரும் கேடோ தெரிவதே இல்லை. ராணி தன் வாழ்நாளின் தொடக்கத்தில் சில நாட்களுக்குள் பல ஆண் தேனீக்களோடு கூடி, ஐம்பது லட்சத்துக்குக் குறையாத விந்தணுக்களைத் தன் வயிற்றிலுள்ள ஒரு சிறு பையில் சேமித்துக்கொள்கிறது. மறுபடியும் அது கூடுவதில்லை. அந்தச் சேமிப்பிலிருந்தே ஆண்டுக்கணக்கில் செலவழிக்கிறது. விந்து சேர்ந்த முட்டையிலிருந்து பணித் தேனீயும் ராணியும், சேராத முட்டையிலிருந்து ஆண் தேனீயும் பிறக்கின்றன. அமெரிக்க விவசாயத் துறையின் பெல்ட்ஸ்வில் நிலையத்தில் ஜெஃப் பெட்டிஸும் அவருடைய தோழர்களும் செய்து 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சுமார் 40 டிகிரி செல்ஷியஸ் வெப்பத்திலோ, 8 டிகிரிக்குக் குறைந்த குளிரிலோ ஒரு சில மணி நேரம் இருக்க நேர்ந்தாலே அந்த விந்தணுக்களில் பெரும் பகுதி செத்துப்போவது தெரியவந்தது. ராணி நடக்கும், உண்ணும், முட்டையும் இடும். ஆனால் கூட்டத்தின் வேலைக்காரப் படையைப் பெருக்கும் சக்தியை இழந்திருக்கும். சில வாரங்கள் கழித்துக் கூட்டம் மெலிவதைப் பார்த்து, ராணியை விற்றவரைக் குறைகூறுகிறவர்களில் எத்தனை பேர், அதைக் கொண்டுவந்த வழியில் வெயிலில் நிறுத்திய காரின் முன்கண்ணாடி அருகே கூண்டை வைத்ததை நினைத்துப் பார்க்கிறார்கள்?

சித்திரை, வைகாசி மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர்கள் நம் நாட்டில் பல. ஆகையால் கூண்டைப் பட்டப்பகலில் தூரம் கொண்டுபோகாமல், விடியற்காலையிலோ மாலை சாய்ந்த பிறகோ பிரயாணம் செய்வதும், வழியில் சட்டைப் பையில் மார்போடு ஒட்டி வைத்துக்கொள்வதும் நல்லது. மனித உடம்பின் கதகதப்பு, 34, 35 டிகிரியில் காக்கப்படும் புழு அறையின் கதகதப்புக்கு மிக அருகில் இருப்பது நமக்கு வாய்த்த பாக்கியம். வீட்டில் வைக்கும்போது, வெளிச்சம் தேனீக்களை அலையச் செய்து களைப்பூட்டும் என்பதால் இருளான, குளிர்ச்சியும் அல்லாத வெப்பமும் அல்லாத மூலையில் வைக்க வேண்டும். ஏ.சி. அறையின் வறண்ட காற்று ஆகாது. தினம் ஒருமுறையோ இருமுறையோ விரல் நுனியால் ஒரே ஒரு சொட்டு நீரை வலையின் மேல், ஆகாரக் குழிக்கு எட்டாத இடத்தில் வைத்தால், தோழியர் ஓடிவந்து அருந்துவதைக் காணலாம். கெட்டியான சர்க்கரையைக் கரைத்து உண்ண அவர்களுக்கு நீர் வேண்டும். அதிகம் விட்டால் கேண்டி இளகி எல்லோரையும் ஒட்டிக்கொள்ளும்.

எறும்பை மறக்கலாகாது. தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் கூண்டை வைப்பது எளிய காப்பு. அதைவிட நம் வீடுகளில் அபாயமானது கொசுவர்த்திச் சுருளும், மின்சாரத்தில் செருகும் கொசு மருந்தும். கொசுவைக் கொல்லும் அதே ரசாயன வகை தேனீக்கும் விஷம்தான். இரவில் அவற்றை ஏற்றும் அறையில் கூண்டை வைத்துவிட்டு, காலையில் காரணம் புரியாமல் திகைப்பவர்கள் உண்டு.

இவ்வளவு ஜாக்கிரதையோடு வைத்தால் ராணி ஒரு வாரம், பத்து நாள் நன்றாகவே இருக்கும். முதலில் இறப்பது தோழியர்தாம். இறந்தவற்றை அகற்றி, இளம் தேனீக்களைச் சேர்த்துவந்தால் இன்னும் சில நாள் நீட்டலாம். பக்ஃபாஸ்ட் மடத்துத் துறவி சகோதரர் ஆடம், 1950 முதல் ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா என்று தேடி அலைந்து பெற்ற ராணிகளை இத்தகைய கூண்டுகளில்தான் இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார். ஆனால் நீட்ட முடியும் என்பதற்காக நீட்டுவது நியாயம் அன்று. அடைபட்ட ராணி முட்டையிடுவதை நிறுத்துகிறது, சூலகம் சுருங்குகிறது, உடல் இளைக்கிறது. கலவி காணாத கன்னி ராணியாக இருந்தால், மூன்று வாரத்துக்குள் பறந்து சென்று கூடாவிட்டால் அதன் பருவமே தப்பிவிடும்.

கூண்டிலிருந்து கூட்டத்துக்குத் திரும்புவது தனிக் கலை. அந்நிய ராணியைத் திடீரென்று விட்டால், தேனீக்கள் அதைச் சூழ்ந்து உருண்டையாகக் கவ்வி, நெரித்தும் உஷ்ணமூட்டியும் கொன்றுவிடும்; நம் இந்தியத் தேனீ, கூட்டைத் தாக்கவரும் குளவியையும் இதே முறையில்தான் கொல்லுகிறது. அவ்விதம் உருண்டை கட்டியதைக் கண்டால், அதை அப்படியே ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டால் தேனீக்கள் பிரிந்துவிடும், ராணியை மீட்கலாம். அந்த நிலை வராதிருக்க, வழியில் துணைவந்த தோழியரை வெளியேற்றிவிட்டு, தக்கையை நீக்கி, கேண்டி அடைத்த துவாரம் திறந்திருக்கும்படி கூண்டைப் புழு அறையில் வைத்துவிட வேண்டும். கூட்டத்துத் தேனீக்கள் அந்தச் சர்க்கரையைத் தின்று வழி திறக்க இரண்டு நாள், மூன்று நாள் ஆகும். அதற்குள் ராணியின் வாசனை கூட்டமெங்கும் பரவிவிடுகிறது. 1960-களின் தொடக்கத்தில் காங்ரா பள்ளத்தாக்கிலுள்ள நக்ரோட்டா பக்வானில் அத்வால் என்ற விஞ்ஞானியும் அவரைச் சேர்ந்தவர்களும், இத்தாலிய ராணிகளை நம் இந்தியத் தேனீக் கூட்டங்களிலேயே ஏற்கச் செய்து, வேற்றினத்து முட்டைகளை நம் தேனீக்களைக் கொண்டே வளர்த்தெடுத்தார்கள் என்பதை நினைக்கும்போது, பொறுமையாக அறிமுகப்படுத்தினால் செவிலியரின் மனம் எவ்வளவு தூரம் இணங்கும் என்பது விளங்கும். இத்தாலியத் தேனீ நம் நாட்டில் வேரூன்றியது அந்த வழியில்தான்.

தமிழ்நாட்டில் நியூட்டன் பாதிரியார் வகுத்த சிறிய பெட்டிகளில் இந்தியத் தேனீயை வளர்ப்பவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ராணியை இழந்த இந்தியத் தேனீக் கூட்டத்தில், ஐரோப்பியத் தேனீயைக் காட்டிலும் விரைவாகவே பணித் தேனீக்கள் தாமே முட்டையிடத் தொடங்கிவிடுகின்றன. அந்த முட்டைகளிலிருந்து ஆண் தேனீக்களே பிறக்கும். அந்நிலை வந்தபின் புதிய ராணியை ஏற்கச் செய்வது மிகக் கடினம். ஆகவே கூண்டில் இருந்த ராணி இறந்துவிட்டது என்று தெரிந்தால், மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல், வேறொரு கூட்டத்திலிருந்து முட்டைகளும் மிக இளைய புழுக்களும் உள்ள ஒரு சட்டத்தை அன்றைக்கே எடுத்து வைத்துவிட வேண்டும். அந்தப் புழுக்களில் ஒன்றைத் தேர்ந்து கூட்டமே வளர்க்கும் புதிய ராணி சுமார் 12 நாட்களில் அறையைத் திறந்துகொண்டு வெளியே வரும்.